ஒரு மஞ்சள் அரிசி

மூன்று மாதமாக ஓர் அரிசி மணி என் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஆவணியில் அத்தை இறந்துபோனாள். அப்பாவுக்கு மூத்தவள், 81 வயது. சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்துக் கோவில்பட்டியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் ஊருக்குள் போய்ச் சேர்ந்தபோது காலை ஏழு மணி. தெருவை அடைத்துச் சாமியானா போட்டிருந்தார்கள். ஃப்ரீசர் பெட்டி வந்துவிட்டிருந்தது, சங்கு ஊதுகிறவர் இன்னும் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்து, அழுது முடித்து, வெளியே வந்து ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தேன். கேதத்துக்கு வந்த ஆம்பளைகளுக்கு அதைத் தவிர வேறு வேலை கிடையாது. எனக்கு முன்னால் ஒரு காலிச் சேர். அதன் முதுகுப் பட்டைகளுக்கு நடுவே, இடுக்கில், ஒரு மஞ்சள் அரிசி சிக்கியிருந்தது. அட்சதை.

சேர்களை எண்ணிக்கொண்டே வந்த பந்தல்காரரிடம் அதைக் காட்டினேன். குறை சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குப் போன சேருண்ணே" என்றார். கழுவ மாட்டீர்களா என்று சும்மா கேட்டு வைத்தேன். "கேதத்துக்குப் போயிட்டு வந்தா கழுவாம கல்யாணத்துக்கு அனுப்ப மாட்டோம். கல்யாணத்துலருந்து இங்க வர்றதுக்கு எதுக்குண்ணே கழுவணும்?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணப் போய்விட்டார். நான் அந்த மணியை நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அன்றைக்கும் முகூர்த்த நாள்தான். மெயின் ரோட்டு மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள், காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நாகஸ்வரம் வந்து போனது. எங்கள் பந்தலில் உறுமியும் தப்பும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "தெருவுல ஒரு கேதம் கெடக்கு, கொஞ்சமாவது விவஸ்தை இருக்கா இவனுகளுக்கு" என்று முனகினார். அந்த நேரத்தில் 'ஓரில் நெய்தல் கறங்க', ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்க, என்ற வரி எனக்குள் தானாக ஓடியது. வெட்கமாக இருந்தது. பெற்ற தாயைப் போன்றவள் உள்ளே பெட்டியில் கிடக்கிறாள், இவனுக்குப் புறநானூறு வருகிறதாம்.

பன்னிரண்டு மணிவாக்கில் நீர்மாலை எடுத்து வந்தார்கள். குளிப்பாட்டி, கோடி போர்த்தி எல்லாம் முடிந்ததும் "வாய்க்கரிசி போடுறவங்க வாங்கய்யா" என்று குரல் வந்தது. தட்டில் பச்சரிசி. என் முறை வந்தபோது எடுத்துப் போட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் மஞ்சள் மணி ஞாபகத்துக்கு வந்தது. கையில் இல்லை. சட்டைப் பையில் இல்லை. கீழே எங்காவது விழுந்ததா, பச்சரிசியோடு சேர்ந்து அத்தையின் வாய்க்குப் போய்விட்டதா, தெரியவில்லை. இன்று வரை தெரியவில்லை. தொந்தரவு இதுதான். இதை யோசிக்கப் போய், கவிதையைப் பற்றி நான் வருஷக்கணக்காகப் பிடித்து வைத்திருந்த ஒரு கருத்தும் கூடவே ஆட்டம் கண்டுவிட்டது.

எஞ்சேலையிலதான கெடந்த

அந்தக் கருத்து இது: வாழ்வையும் சாவையும் எதிரெதிரே நிறுத்திக் கவிதை எழுதுவது சோம்பேறிகளின் வேலை. பள்ளிக்கூடத்தில் முரண் தொடை என்று படித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இன்பம் என்றால் துன்பம், இரவு என்றால் பகல். இந்தப் பட்டியலில் பிறப்பு இறப்புக்குத்தான் கைதட்டல் அதிகம். ஒரு வரியில் தொட்டிலைப் போட்டு அடுத்த வரியில் சுடுகாட்டைப் போட்டால் போதும், அரங்கம் 'ஆகா' என்று சொல்லிவிடும். யோசிக்கவே வேண்டாம். இப்படிப் பல இடங்களில் பேசியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன்.

நான் கண்ட உண்மை இல்லை அது, சொந்தக் குற்ற உணர்ச்சியிலிருந்து வந்தது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு கவியரங்கத்தில் 'மரம்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். "தொட்டிலும் மரம், பாடையும் மரம், நடுவில் நீயும் ஏன் மரமாய் நிற்கிறாய் மானிடா" என்று முடித்தேன். விசில் பறந்தது. முதல் பரிசாக ஓர் எவர்சில்வர் தூக்குவாளி. லீவில் ஊருக்கு வந்ததும் அதை அத்தையிடம் கொடுத்து, கவிதையையும் படித்துக் காட்டினேன். தூக்குவாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அத்தை கேட்டாள்: "உனக்கு ஏதுய்யா மரத்தொட்டில்? எஞ்சேலையிலதான கெடந்த."

உத்தரத்தில் கட்டிய நூல்சேலைத் தூளி. அதில்தான் நானும் தம்பியும் வளர்ந்தோம். எங்கள் தெருவில் மரத்தொட்டில் வைத்திருந்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. பாடைக்கும் பச்சை மூங்கில்தான். தொல்காப்பியத்தைக் கேட்டால் மூங்கில் மரமே இல்லை என்று சொல்லிவிடும். வெளியே வயிரம் உள்ளது புல், உள்ளே வயிரம் உள்ளது மரம் என்பது மரபியல் கணக்கு: 'புறக்காழ் அனவே புல்லென மொழிப.' ஆக என் கவிதையில் தொட்டிலும் பொய், பாடையும் பொய், மரமும் பொய். பரிசு மட்டும் நிஜம். அந்தத் தூக்குவாளியில் அத்தை ரொம்ப நாள் மோர் ஊற்றி வைத்திருந்தாள்.

அந்த அவமானத்திலிருந்து நான் தப்பான பாடம் படித்துக்கொண்டேன். என் கவிதை மோசம் என்று எடுத்துக்கொள்ளாமல் முரண் என்கிற உத்தியே மோசம் என்று எடுத்துக்கொண்டேன். சாமர்த்தியமான ஆட்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

அரிசியும் அல்லியும்

பதினாறு முடியும் வரை ஊரில் இருந்தேன். பகலில் துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது, சாயங்காலம் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் எதையாவது படிப்பது. அரிசி நினைவாகவே இருந்ததால் பட்டினத்தார் வந்தார். அவர் தாயை எரித்தபோது பாடியவை என்று வழங்கும் வெண்பாக்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆனால் வாய்க்கரிசி போட்ட கை ஈரம் காயாமல் படிக்கும்போது வேறு மாதிரி இருக்கின்றன.

அரிசியோ நானிடுவேன் ஆத்தாள் தனக்கு
வரிசையிட்டுப் பார்த்துமகி ழாமல் – உருசியுள்ள
தேனே திரவியமே செல்வத் திரவியப்பூ
மானே எனஅழைத்த வாய்க்கு.

முன்பெல்லாம் இதை, கொஞ்சிய தாய், கொள்ளி வைக்கும் மகன் என்ற எதிர்நிலையாகத்தான் படிப்பேன். இப்போது பார்த்தால் பாட்டு முழுக்க ஒரே ஒரு பொருளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாய். பாட்டின் கடைசிச் சொல் அது. தேனே மானே என்று வெளியே சொல் வந்த அதே வாசல் வழியாகத்தான் இப்போது அரிசி உள்ளே போகிறது. 'உருசியுள்ள' என்று ஒரு சொல் நடுவில் கிடக்கிறது, கவனித்தீர்களா? ருசி. வேகாத பச்சரிசிக்கு ருசி கிடையாது. ருசி பார்க்கும் நிலையில் அந்த வாயும் இல்லை. மகன் அங்கே தத்துவம் பேசவில்லை. கையில் அரிசியோடு நின்று, இதையா போடுவேன் என்று தயங்குகிறான். அந்த ஒரு தயக்கத்தின் நீளம்தான் வெண்பா.

இதைப் படித்த பிறகு எனக்குத் தெரிந்த பாட்டுகளை எல்லாம் இந்தக் கண்ணோடு ஒரு தரம் புரட்டிப் பார்த்தேன். பாரி மகளிரின் 'அற்றைத் திங்கள்' பாட்டில் நிலா ஒன்றுதான், அதன் கீழே அப்பா இருந்தார், இப்போது இல்லை. 'முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே' என்று குடவாயில் கீரத்தனார் கேட்கும்போது முல்லை செய்த குற்றம், வழக்கம்போலப் பூத்தது மட்டும்தான். அந்த நாட்டு வீரன் சாத்தன் செத்த பிறகு இளையோர் சூடவில்லை, வளையோர் கொய்யவில்லை, பாணனும் பாடினியும் தொடவில்லை. எல்லோரும் மாறிவிட்டார்கள், பூ மட்டும் மாறாமல் நிற்கிறது. அது பொறுக்கவில்லை அவருக்கு. திருமூலரிடம் வந்தால் மாறாமல் நிற்பது ஒரு வினைச்சொல். ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டார், மனைவியோடு கொஞ்சினார், இடப்பக்கம் லேசாக வலிக்கிறது என்றார், 'கிடக்கப் படுத்தார் கிடந்தொழிந் தாரே.' வாட்சப்பில் இந்தப் பாட்டை மாரடைப்புக்குத் தமிழ்ச் சான்று என்று மாதம் ஒரு முறை யாராவது அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அந்த இடப்பக்கத்தைவிட அந்தக் 'கிட'தான் பெரிதாகத் தெரிகிறது. படுக்கப் போகிறவனுக்கும் பிணத்துக்கும் ஒரே வினை. நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? சித்தப்பாகூட 'கேதம் கெடக்கு' என்றுதான் சொன்னார். அத்தை என்னைச் சொன்னதும் 'எஞ்சேலையிலதான கெடந்த.'

ஆனால் என்னை உலுக்கியது புறநானூற்றின் 248ஆம் பாட்டு. ஒக்கூர் மாசாத்தனார் பாடியது, ஐந்தே வரி.

அளிய தாமே சிறுவெள் ளாம்பல்
இளைய மாகத் தழையா யினவே, இனியே
பெருவளக் கொழுநன் மாய்ந்தெனப் பொழுதுமறுத்து
இன்னா வைகல் உண்ணும்
அல்லிப் படூஉம் புல்லா யினவே.

சின்ன வெள்ளாம்பல், பாவம். நாங்கள் சிறுசுகளாக இருந்தபோது இடுப்பில் தழையாக இருந்தது. இப்போது, வளமான கணவன் செத்துப்போன பிறகு, வேளை தவறித் தின்கிற அரிசியாக ஆகிவிட்டது. ஆம்பலின் அல்லியில் விளையும் புல்லரிசி அன்றைய கைம்பெண்களின் சாப்பாடு. ஒரே குளம், ஒரே கொடி. உடுத்தியதும் அதைத்தான், உண்பதும் அதைத்தான். எனக்கு இதில் தாங்க முடியாத இடம் முதல் வார்த்தை. 'அளிய' என்று அவள் இரக்கப்படுவது தன்னைப் பார்த்து இல்லை, ஆம்பலைப் பார்த்து. என் தூக்குவாளிக் கவிதைக்கும் இதற்கும் உள்ள தூரம் அப்போதுதான் தெரிந்தது. ஒரு பொருளை இரண்டு இடத்தில் வைப்பதை நானும்தான் செய்தேன். ஆனால் மாசாத்தனாருக்கு ஆம்பல் தெரியும். தழையில் எது தைப்பார்கள், எதிலிருந்து அரிசி எடுப்பார்கள், அதை எந்த வேளையில் தின்பார்கள் என்று தெரியும். எனக்கு மரம் தெரியாது, சொல் மட்டும்தான் தெரிந்திருந்தது.

இந்தப் பாட்டு என் வீட்டுக்குள் நுழைந்தது அப்புறம்தான். மாமா இறந்தபோது அத்தைக்கு 29 வயது. அதிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் அவள் முன்வரிசைக்கு வந்ததில்லை. யாரும் 'வராதே' என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதபடி அவளே தூணைப் பார்த்துப் போய் நின்றுகொள்வாள். என் கல்யாணத்திலும் அப்படித்தான். அட்சதைத் தட்டு வரிசையாக வந்தபோது அவளும் ஒரு பிடி எடுத்திருக்கிறாள். கெட்டிமேளம் கொட்டி எல்லோரும் போட்டபோது அவள் போடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் அடுப்படிக்குள் கூப்பிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அந்த ஒரு பிடி அட்சதை. காலையிலிருந்து வியர்வையில் மஞ்சள் கரைந்து சேலையில் ஒட்டியிருந்தது. எங்கள் தலையில் போட்டுவிட்டு "நல்லா இருங்கய்யா" என்றாள். கீழே சிந்தியதைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடியும் முடிந்துகொண்டாள். "ஏன்த்தை?" என்றதற்கு, "காலுல மிதிபடக் கூடாதுய்யா" என்றாள்.

இத்தனை வருஷம் இது எனக்கு ஒரு பாசக் கதையாக மட்டும்தான் நினைவில் இருந்தது. காணாமல் போன ஒரு மணியைத் தேடிக்கொண்டிருந்த பிறகுதான், அந்த அடுப்படியில் அவள் ஏன் கதவைச் சாத்தினாள் என்ற பாதி உறைத்தது.

இதோடு சேர்த்து 246ஆம் பாட்டையும் சொல்ல வேண்டும். பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு, கணவன் இறந்ததும் தீயில் இறங்கும்போது பாடியது. தாமரை பூத்த குளமும் தீயும் எனக்கு ஒன்றுதான், 'ஓரற்றே' என்று முடிகிறது. மேடைகளில் இதைக் காதலின் உச்சம் என்பார்கள். முன்பு நானும் தலையாட்டியிருக்கிறேன். இந்தத் தடவை கடைசி வரியை விட்டுவிட்டு நடுவரிகளைப் படித்தேன். பிழிந்த சோற்றுத் திரள், எள்ளுத் துவையல், புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை, பாய் இல்லாமல் பருக்கைக்கல் மேல் படுக்கை. காத்திருக்கும் வாழ்க்கை இது என்று அவள் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் குளமும் தீயும் ஒன்று என்கிறாள். எதிரும் புதிருமான இரண்டு பொருள் ஒன்றாகிவிட வேண்டுமானால் யாரோ அந்த ஆளை அந்த இடத்துக்குத் தள்ளியிருக்க வேண்டும். இதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ஓரில், ஓரில்

சரி, இப்போது 194. பந்தலில் உட்கார்ந்திருந்தபோது கூப்பிடாமலே வந்த பாட்டு. இதுதான் என் புதுக் கண்டுபிடிப்புக்கு ஒத்துவராமல் முரண்டு பிடித்தது. பக்குடுக்கை நன்கணியார் பாடியது:

ஓரில் நெய்தல் கறங்க, ஓரில்
ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப,
புணர்ந்தோர் பூவணி அணியப், பிரிந்தோர்
பைதல் உண்கண் பனிவார்பு உறைப்பப்
படைத்தோன் மன்ற, அப் பண்பி லாளன்;
இன்னாது அம்ம, இவ் வுலகம்;
இனிய காண்க, இதன் இயல்புணர்ந் தோரே.

இங்கே ஒரே பொருள் இல்லை. இரண்டு வீடு, இரண்டு பறை, இரண்டு விதமான பெண்கள். ஒரு பக்கம் சாப்பறை, ஒரு பக்கம் மண முழவு. நான் திட்டித் தீர்த்த தொட்டில், சுடுகாடு வாய்பாடு அப்படியே இருக்கிறது. ஆனாலும் பாட்டு பொய்யாகவில்லை. ஏன் என்று நாலைந்து நாள் திண்ணையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டேன்.

நாலடியாரோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. அங்கே மன்றத்தில் ஒலித்த மணப்பறையே அன்றைக்கே பிணப்பறையாக ஒலித்தாலும் ஒலிக்கும், ஆகவே பிழைக்கும் வழியைப் பார் என்று வருகிறது. மணம், பிணம், எழுத்து ஒன்றுதான் மாறுகிறது. அடுத்தடுத்த பாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், கல்யாணம் செய்துகொண்டு 'உண்டுண்டுண்டு' என்று சுகத்தை நம்புகிறவனுக்குச் சாப்பறை 'டொண்டொண்டொடு' என்று பதில் சொல்கிறது. தமிழில் இவ்வளவு குரூரமான எதுகை குறைவு. கெட்டிக்காரத்தனத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைப் பாடிய முனிவர் பந்தலில் உட்கார்ந்திருக்கவில்லை. தெருக்கோடியில் நின்று, பார்த்தாயா, சொன்னேனே என்கிறார். நன்கணியார் சொன்னேனே என்று சொல்லவில்லை. அவருக்குக் கோபம் வருகிறது.

அந்தக் கோபத்தில் வந்த சொல் 'பண்பிலாளன்'. நாம் இன்று பண்பு என்றால் ஒழுக்கம், நற்குணம் என்று எடுத்துக்கொள்கிறோம். கலித்தொகையில் 'பண்பெனப் படுவது பாடறிந் தொழுகல்' என்று இருக்கிறது. எதிரில் இருப்பவர் நிலை தெரிந்து நடந்துகொள்வது. அப்படிப் பார்த்தால் பண்பில்லாதவன் என்பது கொடியவன் என்பதைவிடவும், இடம் பொருள் தெரியாதவன் என்றுதான் வருகிறது. தெருவில் ஒரு சாவு கிடக்கும்போது பக்கத்தில் முழவை வாசிக்க விட்டவன். என் சித்தப்பா ஒலிபெருக்கிக்காரனைத் திட்டிய அதே சொல்: விவஸ்தை கெட்டவன். நன்கணியார் அதைப் படைத்தவன்மேல் எறிகிறார். 'மன்ற' என்று வேறு போட்டு, சந்தேகமே இல்லாமல். சித்தப்பாவுக்குப் புறநானூறு தெரியாது. தெரிந்திருந்தால் பக்கத்துத் திண்ணைக்காரர் என்றுதான் நன்கணியாரை நினைத்திருப்பார்.

அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. இது என் வாசிப்பு, உரைகாரர்மேல் பழி போடவில்லை. சாப்பறைக்கு இந்தப் பாட்டில் பெயர் நெய்தல். நெய்தல் ஒரு பூவும்கூட. நீரில் பூப்பது, பெண்ணின் கண்ணுக்கு உவமை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பூ. மணவீட்டு முழவோ 'ஈர்ந்தண்' முழவு, ஈரமும் குளிர்ச்சியுமானது. எழவு வீட்டுக் கண்ணில் வழிவதற்குச் சொன்ன சொல் 'பனி', அதுவும் ஈரமும் குளிர்ச்சியும்தான். ஆக, பூவின் பெயர் சாவு வீட்டில் அறைகிறது, ஈரம் கல்யாண வீட்டு முழவில் இருக்கிறது. மணவீட்டில் பூச்சூடுகிறார்கள், துக்க வீட்டில் இருப்பது 'உண்கண்', அதாவது மை தீட்டிய கண். அந்த மை எப்போது தீட்டியது? செத்த செய்தி வருவதற்கு முன்னால், அன்று காலையில், எதிர்வீட்டுப் பெண்ணைப் போலவே இவளும் கண்ணாடி முன் நின்று தீட்டியது. இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் இருப்பது போலத் தெரிகிறது, ஆனால் சாமான்கள் எல்லாம் மாறிக் கிடக்கின்றன. யாரோ வாடகைக்கு எடுத்து வந்து இறக்கிய மாதிரி.

பந்தல்காரர் சொன்னதை இங்கே யோசித்தேன். அவர் ஒரு திசையில் மட்டும்தான் கழுவுகிறார். சாவிலிருந்து கல்யாணத்துக்குப் போவது எதுவாக இருந்தாலும் கழுவப்பட வேண்டும். சேர், பாத்திரம், மனிதர்கள், எல்லாம். அத்தையை 52 வருஷம் தூணுக்குப் பின்னால் நிறுத்தியதும் அந்தக் கழுவல்தான். மறுதிசையில் யாரும் எதையும் கழுவுவதில்லை. அட்சதை அப்படியே வந்து சாவு வீட்டில் உட்காரலாம். நன்கணியாரின் தெருவில் இந்த ஏற்பாடு நடக்கவில்லை, ஏனென்றால் அவர் எடுத்துக்கொண்டது சத்தம். நெய்தலும் முழவும் ஒரே காற்றில் ஒருவருடைய காதுக்குள் வருகின்றன. நான் தேடிய அந்த ஒரே பொருள் பாட்டில் எங்கே என்று கேட்டால், அந்தக் காதுதான் என்று இப்போது நினைக்கிறேன். எந்த வீட்டுக்கும் போகாமல், இரண்டையும் கேட்டுக்கொண்டு தெருவில் நிற்கிற ஆள்.

கடைசி வரி இன்னும் எனக்கு வசப்படவில்லை. 'இனிய காண்க' என்பதைப் பழைய உரை வீடுபேற்றுக்கான நல்ல செயல்கள் என்ற பக்கம் கொண்டு போகிறது. இன்று பலர், உலகம் கொடியதுதான், நீ இனியதைப் பார்த்துக்கொள் என்று எடுத்துக்கொள்கிறார்கள், தன்னம்பிக்கைக் கூட்டங்களில்கூட இது வந்துவிட்டது. எனக்கு இரண்டும் அவசரமாகப் படுகிறது. ஆறு வரி வரைக்கும் கொதித்துவிட்டு ஏழாவது வரியில் ஒருவர் இவ்வளவு சீக்கிரம் ஆறிவிடுவாரா? பந்தலில் அதே நாகஸ்வரம் அடுத்த தடவை காற்றில் வந்தபோது சித்தப்பா திட்டவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "யாரு வாசிக்கிறது, நல்லா இருக்கே" என்றார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நன்கணியாரின் கடைசி வரிக்கு என்னிடம் இருக்கும் உரை இவ்வளவுதான்.

ஒரு சேர்

பதினாறாம் நாளுக்கு முதல் நாள் கணக்கு முடிக்கப் பந்தல்காரர் கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னால் காலி மனை. ஒரு பையன் சேர்களைக் கவிழ்த்துப் போட்டு ஹோஸில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். எந்த ஊர்க் கேதத்திலிருந்து வந்தவையோ. நான் காசை எண்ணிக் கொடுத்ததும் நோட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு சேர் குறையுதுண்ணே" என்றார்.

எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அத்தை வீட்டு நடுக்கூடத்தில் இருந்தது. அதன்மேல்தான் அவள் படத்தை வைத்து விளக்கேற்றியிருந்தோம். படம் என் பெரியவள் காதுகுத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து வெட்டியது. தனியாக அவளை யாரும் எடுத்ததில்லை. ஃபிளெக்ஸ் கடைக்காரர் எவ்வளவோ அழித்தும் அவள் தோளுக்குப் பின்னால் ஊதா நிற சீரியல் பல்பு வெளிச்சம் கொஞ்சம் நின்றுவிட்டது. சேர் அதே சேரா, அந்த மணி சிக்கியிருந்ததா என்று நான் திருப்பிப் பார்க்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் நோட்டில் எதையோ அடித்தார். "பதினாறு முடியட்டும்ணே, ஆள் அனுப்புறேன்" என்றார். பிறகு பையனைப் பார்த்து, "டேய், அந்த வரிசைய ஒழுங்கா அடி, வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குப் போகணும்" என்று சத்தம் போட்டார்.